டாக்டருக்குப் படிக்கிற பையன் சிகரெட் பிடிப்பானா?

2023இல் தீபாவளி ஞாயிற்றுக்கிழமை வந்தது. இரண்டு நாள் கழித்து, செவ்வாய் காலை ஆறரை மணி இருக்கும், மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுப் பின்புறம் கோழிக்கூண்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் குந்தி உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தேன். வலப்பக்க நெஞ்சில் சுரீரென்று ஒரு வலி. மூச்சை இழுத்தால் கூடுகிறது, விட்டால் குறைகிறது. நான் அப்போது மருத்துவப் படிப்பில் ஐந்தாம் வருடம், அதாவது கடைசி வருடம். இருபத்து நான்கு வயது, ஆறடி உயரம், ஐம்பத்தெட்டு கிலோ. இதையும் வலியையும் கையில் இருந்த சிகரெட்டையும் சேர்த்துக் கேள்வித்தாளில் கொடுத்திருந்தால் அரை நிமிடத்தில் விடை எழுதியிருப்பேன். எனக்கே வந்தபோது, திறந்த இல்ல உபசரிப்புக்கு நாற்காலி தூக்கிய தசைப்பிடிப்பு என்று முடிவு கட்டி, இரண்டு போன்ஸ்டான் வலி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன். அம்மா கோடாலித் தைலம் எடுத்து வந்து முதுகில் தேய்த்தார். தேய்க்கும்போது "என்னடா சட்டையெல்லாம் ஒரு வாடை" என்றார். பட்டாசு என்றேன்.

நுரையீரலைச் சுருங்க வைத்தது சிகரெட். வீட்டுப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு போனது அந்தப் பட்டாசு மாதிரி நான் சொல்லி வைத்திருந்த பொய்கள். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் முதலாவதைப் பற்றி எனக்கு ஐந்து வருடம் பாடம் நடத்தினார்கள், இரண்டாவதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆரம்பித்தது 2019 கடைசியில், முதல் வருடம். பிணத்தை அறுத்துப் படிக்கும் ஹாலில் ஃபார்மலின் நாற்றம் இருக்கிறதே, சோப்புப் போட்டாலும் விரலை விட்டுப் போகாது, சோற்றில் கை வைத்தால் அதுதான் முதலில் வரும். ஒரு சீனியர் அண்ணன் "ஒண்ணு இழு, மூக்கு அடங்கிடும்" என்றார். அடங்கவில்லை, ஆனால் மறுநாளும் இழுத்தேன். கல்லூரியில் தடை, ஆஸ்பத்திரியில் தடை, சாப்பாட்டுக் கடைகளிலும் 2019 ஜனவரி 1லிருந்து தடை, 3 மீட்டராவது தள்ளிப் போகவேண்டும். அதனால் மாமாக் கடை என்று சொல்லும் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்கு எதிர்ப்புறம் கால்வாய் ஓரத்தில், வெள்ளைக் கோட்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஏழெட்டுப் பேர் வரிசையாக நிற்போம். எங்களில் ஒருவனுக்குக்கூட அது கெடுதல் என்று தெரியாமல் இல்லை. சொல்லப்போனால் அங்கே நின்றபடியே ஒருவரையொருவர் நுரையீரல் புற்றுநோய் வகைகளைக் கேட்டுப் பரீட்சைக்குத் தயார் ஆனதும் உண்டு.

மூன்றாம் வருடத்தில் சமூக மருத்துவப் பாடத்தில் பிரிட்டிஷ் டாக்டர்கள் ஆய்வு வரும். ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் 1951இல் பிரிட்டனில் இருந்த டாக்டர்களுக்கெல்லாம் கடிதம் எழுதி, நீங்கள் புகைப்பீர்களா, எவ்வளவு என்று கேட்டார்கள். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பதில் எழுதினார்கள். அவர்களை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து 1954இல் முதல் கணக்கு, 2004இல் ஐம்பது வருடக் கணக்கு. தொடர்ந்து புகைத்தவர்கள் புகைக்காதவர்களைவிடச் சுமார் 10 வருடம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தார்கள். 60 வயதில் விட்டவர்களுக்கு 3 வருடம், 50இல் விட்டவர்களுக்கு 6, 40இல் 9, 30இல் விட்டால் 10 வருடமும் திரும்பக் கிடைத்தது. டாக்டர் என்றால் புகைக்கமாட்டான் என்று யாரும் நினைக்காத காலம் அது. எனக்கு இந்தக் கேள்வியில் முழு மார்க். ஆனால் நானும் என் அறைத்தோழனும் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் என்ன தெரியுமா? 30 வரைக்கும் டைம் இருக்கு. மருத்துவ மாணவனின் மூளை இப்படித்தான் வேலை செய்யும், எச்சரிக்கையைக்கூடக் கெடு தேதியாக மாற்றிக்கொள்ளும். தன் முதல் ஆய்வின் முடிவைப் பார்த்து டாலே சிகரெட்டை விட்டுவிட்டார் என்பதும் பாடத்தில் இருந்தது. அதற்கு மார்க் கிடையாது, அதனால் மறந்துபோனது.

வீட்டில் மறைப்பது 2020 மார்ச்சில் கோவிட்டுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோதுதான் கலையாக வளர்ந்தது. கல்லூரி மூடி எல்லோரும் வீட்டில். எங்கள் பக்கம் லைன் சரியாக இருக்காது, ஆன்லைன் வகுப்புக்கு லைன் தேடிப் போகிறேன் என்று செம்பனைக் காட்டு ஓரம் வரை போய்விடுவேன். வாயில் பாக்கு மிட்டாய், கையில் கொய்யா இலை கசக்கித் தேய்ப்பது, சட்டையை மாட்டுக் கொட்டகைக் கொடியில் மாற்றுவது. அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர், நாளைக்கு ஒரு பாக்கெட் பிடிப்பார். ஒவ்வொரு லீவுக்கும் வந்து அவருக்கு நான் புத்தி சொல்வேன், "அப்பா, கால் ரத்தக்குழாய் அடைச்சிடும்ப்பா" என்று. அவர் "சரிங்க டாக்டர்" என்று சிரித்துக்கொண்டே தோட்டத்துப் பக்கம் போய்விடுவார். அவர் போன அரை மணியில் நான் அதே பக்கம் போவேன். தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் காலத்தில் இடுப்பில் கொசுவத்தியும் வாயில் பீடியுமாகவே இருந்தார் என்று அம்மா சொல்வார். மூன்றாம் தலைமுறையாவது இல்லாமல் இருக்கிறதே என்று அவருக்கு ஒரு நிம்மதி.

அந்த நிம்மதிதான் 2022இல் ஒரு பாரத்தில் கையெழுத்தானது. அம்மா எனக்கு மெடிக்கல் கார்டு, அதாவது ஆஸ்பத்திரிச் செலவுக்கான இன்சூரன்ஸ், எடுக்க ஆசைப்பட்டார். தூரத்துச் சொந்தம் ஒரு மாமா, இன்சூரன்ஸ் ஏஜெண்ட், வீட்டுக்கு வந்து ஹாலில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகப் படித்தார். ஆஸ்த்மா இருக்கா, இல்லை. ஆபரேஷன் செய்திருக்கியா, இல்லை. கடைசி 12 மாதத்தில் புகைத்திருக்கியா என்ற இடத்தில் அவரே சிரித்துவிட்டார். "டாக்டருக்குப் படிக்கிற பையன் சிகரெட் பிடிப்பானா? இதையெல்லாம் கேக்கணுமா" என்று இல்லை என்பதில் தட்டினார். அம்மா மேசைக்கு முறுக்கு கொண்டு வந்து வைத்துக்கொண்டிருந்தார். நான் கையெழுத்துப் போட்டேன். ஏஜெண்ட் நிரப்பினார் என்பது பேச்சுக்கு ஆகாது, கையெழுத்து நம்முடையது. யாராவது இப்படி ஒரு பாரத்தை இப்போது கையில் வைத்திருந்தால் ஒன்றே ஒன்று சொல்கிறேன், ஏஜெண்டிடம் தனியாகப் பேசி உள்ளதை எழுதுங்கள், புகைப்பவன் என்றால் மாதக் கட்டணம் கூடலாம், அவ்வளவுதான். ஏற்கனவே பொய்யாகக் கையெழுத்துப் போட்டிருந்தால் உடம்புக்கு ஏதும் வருவதற்கு முன்பே நிறுவனத்துக்கு எழுதித் திருத்திவிடுங்கள். வந்த பிறகு எழுதினால் அது திருத்தம் இல்லை, ஒப்புதல் வாக்குமூலம்.

சரி, வலிக்கு வருகிறேன். செவ்வாய் போய் புதன் போனது. வலி குறைந்துவிட்டது, அதுதான் என்னை ஏமாற்றியது, ஆனால் மாடிப்படி இல்லாத எங்கள் வீட்டிலேயே குளியலறைக்குப் போய் வந்தால் மூச்சு வாங்கியது. வியாழன் காலை அம்மா பயந்துபோய், கார்டு இருக்கே என்று ஈப்போவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். எக்ஸ்ரே பார்த்தவுடன் எனக்கே தெரிந்துவிட்டது. வலது நுரையீரல் பாதிக்கு மேல் சுருங்கி ஒரு கைக்குட்டை மாதிரி நடுவில் ஒட்டிக்கிடந்தது. நுரையீரலின் உச்சியில் சிறு காற்றுக் கொப்புளம் உடைந்து, காற்று வெளியே கசிந்து நெஞ்சுக்கூட்டுக்குள் நிரம்பி நுரையீரலை அழுத்திவிடும், இதற்குப் பெயர் நியூமோதோராக்ஸ். உயரமான ஒல்லியான இளைஞர்களுக்கு, முன்பின் நுரையீரல் நோய் இல்லாமலே வரும். புகைக்காத ஆண்களுக்கு வாழ்நாளில் இது வரும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று அளவு, புகைப்பவர்களுக்கு நூற்றுக்கு 12 வரை போகலாம் என்று வழிகாட்டி நூலில் இருக்கிறது. புற்றுநோய் நாற்பது வயதுக்கு மேல் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன், இது வயதே பார்க்கவில்லை. மூச்சிழுக்கும்போது ஒரு பக்கமாக வலித்து, மூச்சும் முட்டுகிறது என்றால் தைலம் தேய்க்காதீர்கள், அன்றே எக்ஸ்ரே எடுங்கள். மூச்சுத்திணறல் மளமளவென்று ஏறி உதடு நீலமானால் யோசிக்காமல் 999 அழையுங்கள், காற்று அழுத்தம் கூடினால் இதயத்தையே அமுக்கிவிடும்.

அவசரப் பிரிவு டாக்டர் கேட்டார், "புகைப்பீங்களா?" பக்கத்தில் அம்மா, கையில் என் அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு. இல்லை என்றேன். நானே எத்தனை நோயாளிகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டு, நாளைக்கு எத்தனை, எத்தனை வருடம் என்று பெருக்கி எழுதியிருப்பேன். என் கணக்கு நாளைக்குப் பத்து, நான்கு வருடம், ஆக இரண்டு பாக்கெட்-வருடம். தாளில் விழுந்தது பூஜ்யம். இந்தப் பூஜ்யத்துக்கு உடனே விலை இருந்தது. புகைக்காத பையனுக்கு ஏன் இப்படி என்று அவர்கள் யோசித்தார்கள், டி.பி.யாக இருக்குமோ, உயரத்தைப் பார்த்தால் மார்ஃபான் என்ற பிறவி நோயோ என்று சி.டி. ஸ்கேன், இதய எக்கோ, சளிப் பரிசோதனை எல்லாம் எழுதினார்கள். அவர்கள் செய்தது சரி, நான் கொடுத்த ஹிஸ்டரிதான் தப்பு. அது மட்டும் 1,900 வெள்ளி (ரிங்கிட்).

அப்புறம் விலா எலும்புகளுக்கு நடுவே அக்குள் கீழ்ப்பக்கம் ஓட்டை போட்டு டியூப் வைத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டாலும் டியூப் உள்ளே நுழையும்போது வரும் அழுத்தத்தை எந்தப் புத்தகமும் எழுதவில்லை, யாரோ முழங்காலை வைத்து அமுக்குவது போல இருக்கும். டியூபின் மறுமுனை தண்ணீர் உள்ள பாட்டிலுக்குள். இருமினால் குமிழ் வரும், மூச்சு விட்டால் தண்ணீர் மட்டம் ஏறி இறங்கும். போன செமஸ்டரில் இதே பாட்டிலைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவரின் கட்டிலோரம் நின்று "குமிழ் வருகிறது, ஏற்ற இறக்கம் இருக்கிறது" என்று பேராசிரியருக்கு ஒப்பித்திருக்கிறேன். அந்தப் பெரியவருக்கு வலிக்கிறதா என்று கேட்ட ஞாபகம் இல்லை.

அன்று இரவு அம்மா வீட்டுக்குப் போன பிறகு இரவு டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, பேனாவை எடுத்து இல்லை என்பதை அடித்துவிட்டு ஆமாம் என்று எழுதினார். ஆஸ்பத்திரியில் இருந்து இன்சூரன்ஸுக்குப் போன மருத்துவ அறிக்கையில் அதுதான் இருந்தது. மறுநாள் மாலை பதில் வந்தது, பில்லைக் கட்டுவோம் என்ற கேரண்டி லெட்டர் தர இயலாது, விண்ணப்பத்தில் சொன்னதும் மருத்துவப் பதிவும் முரணாக உள்ளன. இந்த நாட்டில் 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டப்படி விண்ணப்பத்தில் தவறாகச் சொன்னது வேண்டுமென்றா, கவனக்குறைவா, தெரியாமலா என்று பிரித்துப் பார்ப்பார்கள், அதற்கேற்ப முடிவு மாறும். மேல்முறையீடு செய் என்று நண்பர்கள் சொன்னார்கள். எதை வைத்து? தெரியாமல் சொன்னேன் என்றா? கடைசி வருட மருத்துவ மாணவன் தனக்குச் சிகரெட் பழக்கம் இருப்பது தெரியாது என்று எழுதினால் படிக்கிறவர் சிரிப்பார். விட்டுவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். கார்டு ஏன் ஆகவில்லை என்று அவருக்குப் புரியவில்லை, கவுண்டரில் நின்று சண்டை போட்டுவிட்டு வந்தார், "ரெண்டு வருசமா மாசாமாசம் கட்டுறேன், இப்ப இல்லன்றாங்களே" என்று. வேறு வழியில்லாமல் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டே சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் பாட்டிலையே பார்த்துவிட்டு, "அப்ப அது பட்டாசு இல்லையா" என்று மட்டும் கேட்டார். மூன்று நாள் பில் 8,400 வெள்ளி. அம்மா கூட்டு (சீட்டு) எடுத்து வைத்திருந்த ஐயாயிரம், அது கூரை மாற்றுவதற்கு. மிச்சத்தை அப்பா லோரி முதலாளியிடம் முன்பணமாக வாங்கி வந்தார். அதற்கு மேல் தாங்காது என்று அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மாற்றிக்கொண்டோம். அங்கே மூன்றாம் வகுப்பு வார்டு நாளைக்கு 3 வெள்ளிதான், ஒன்பது நாள் கழித்து எல்லாம் சேர்த்து இருநூறு வெள்ளிகூட வரவில்லை. முதல் நாளே அங்கே போயிருக்கலாம், அதே டியூப், அதே பாட்டில்.

அந்த வார்டில் பக்கத்துக் கட்டிலில் ஒரு தாத்தா, பழைய பால்மரம் வெட்டி, மூக்கில் ஆக்சிஜன். ரோக்கோ டாவுன் என்று நீப்பாப் பனை இலையில் சுருட்டிப் பிடிக்கும் ரகம் ஐம்பது வருடம். நர்ஸ் இல்லாத நேரம் பார்த்து, "தம்பி, கீழ போறப்ப ஒண்ணு வாங்கிட்டு வாய்யா" என்றார். நான் புகைப்பவன் என்று எப்படித் தெரியும் என்றேன். "ராத்திரி தூக்கத்துல ரெண்டு விரல வாய்க்குக் கொண்டு போறியே." வாங்கித் தரவில்லை, ஆனால் அவர் கேட்ட அந்த நிமிடம் எனக்கும் நாக்கில் எச்சில் ஊறியது. விலாவில் டியூபோடு படுத்திருக்கும்போதே.

வீட்டுக்கு வந்தபோது பன்னிரண்டு நாள் சிகரெட் இல்லாமல் இருந்திருந்தேன். நிக்கோடின் ஏக்கம் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் அடங்கும் என்று படித்திருந்ததால் பெரும்பகுதி முடிந்தது என்று நினைத்தேன். எக்ஸ்ரே முழுதாகத் தெளியும் வரை விமானம் ஏறக்கூடாது என்றார்கள், டிசம்பரில் கோத்தா கினபாலுவுக்கு நண்பர்களோடு போட்டிருந்த டிக்கெட் 640 வெள்ளி போனது. ஆழ்கடல் டைவிங் இனி கிடையாது, அது எனக்குப் பெரிய இழப்பில்லை, நீச்சலே தெரியாது. மறுபடி வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, பெரும்பாலும் முதல் வருடத்துக்குள், புகைத்தால் இன்னும் கூடும் என்றும் சொன்னார்கள். இவ்வளவும் கேட்டுவிட்டு, கல்லூரி வாடகை வீட்டுக்குத் திரும்பிய மூன்றாம் நாள் இரவு, பால்கனியில் நின்று ஒன்று பிடித்தேன். யாரும் கொடுக்கவில்லை. அந்தப் பால்கனியில் நின்றால் கை தானாகப் போகும், அவ்வளவுதான்.

வெட்கத்தில் அடுத்து வேப்புக்கு, அதாவது மின்சிகரெட்டுக்கு மாறினேன், அது பாதி விட்ட மாதிரி என்று ஒரு கணக்கு. வேப்பில் ஊற்றும் நிக்கோடின் திரவத்தை அரசாங்கம் விஷப் பட்டியலிலிருந்து 2023 மார்ச் 31இல் எடுத்தபோது, மருந்தியல் பரீட்சை முடித்த நாங்களே "அப்போ விஷமில்லைப்பா" என்று சிரித்தவர்கள். சிகரெட் என்றால் ஒன்று முடிந்தால் முடிந்தது, வேப்புக்கு முடிவே இல்லை, தூங்கும்போதும் தலையணைக்குக் கீழே. இரண்டு வாரத்தில் நாளைக்கு எவ்வளவு இழுக்கிறேன் என்பதே தெரியாமல் போனது. பின்னால் 2024 அக்டோபர் 1இல் வந்த புதிய சட்டத்தில் வேப்பையும் சிகரெட்டோடு சேர்த்துவிட்டார்கள். என் நுரையீரலுக்கு அந்தச் சட்டம் தேவைப்படவில்லை, மறுபடி அதே இடத்தில் லேசாக ஒரு குத்தல் வந்தது, அன்று இரவே எக்ஸ்ரே எடுத்தேன். நல்லவேளை, ஒன்றும் இல்லை.

ஜனவரியில் ஊர் கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்கச் சுகாதார கிளினிக்கில், புகை நிறுத்தும் கிளினிக்குக்குப் போனேன். எம்குவிட் என்று சுகாதார அமைச்சு நடத்தும் சேவை, ஊர் ஊருக்கு இருக்கிறது, நான்கு வருடம் மருத்துவம் படித்தும் என் ஊரில் அது எந்த அறையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உள்ளே போக வெட்கமாக இருந்தது, வாசலில் அம்மாவுக்குத் தெரிந்த இரண்டு அக்காக்கள் சர்க்கரை மருந்துக்கு உட்கார்ந்திருந்தார்கள். மூச்சில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று பார்க்க மருந்தாளர் ஒரு குழாயில் ஊதச் சொன்னார். பிறகு ஆறு கேள்வி, நிக்கோடினுக்கு எவ்வளவு அடிமை என்று பார்க்கும் ஃபாகர்ஸ்ட்ராம் சோதனை. அதில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்று ஒரு கேள்வி, ஐந்து நிமிடத்துக்குள் என்றால் மூன்று புள்ளி. கோழிக்கூண்டு ஞாபகம் வந்தது. தோலில் ஒட்டும் நிக்கோடின் பேட்சும் நிக்கோடின் சூயிங்கமும் கொடுத்தார்.

இனி சொல்லப்போவது எதுவும் எனக்கு வகுப்பில் சொல்லித் தரப்படவில்லை. நிக்கோடின் சூயிங்கத்தைச் சாதாரணச் சூயிங்கம் மாதிரி மெல்லக்கூடாது. நான் மென்றேன், தொண்டை எரிந்து விக்கல் வந்து, இது எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று தூக்கிப் போடப் பார்த்தேன். சுர்ரென்று காரம் வரும் வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்கவேண்டும், காரம் அடங்கினால் மறுபடி நாலு மெல்லு. நிக்கோடின் வாய்த்தோல் வழியாகத்தான் ஏறும், விழுங்கினால் வயிற்றெரிச்சல்தான் மிச்சம். அதோடு கோப்பி, குளிர்பானம் குடித்தால் வாயில் புளிப்பு கூடி மருந்து ஏறாது, அதனால் கால் மணி நேரம் முன்பிருந்தே குடிக்கக்கூடாது. நான் கோப்பி ஓ குடித்துக்கொண்டே மென்றுவிட்டு வேலை செய்யவில்லை என்று புகார் சொன்னவன். பேட்சோடு படுத்தால் விபரீதக் கனவாக வருகிறது என்றால் ராத்திரி கழற்றிவிடலாம். கோப்பியில் இன்னொரு சங்கதியும் உண்டு. புகையில் உள்ள பொருட்கள் கஃபீனைக் கல்லீரல் வேகமாகக் கரைக்கும்படி செய்கின்றன. புகையை நிறுத்தினால் அந்த வேகம் போய்விடும், அதே மூன்று கோப்பி உடம்பில் இரட்டிப்பாக நிற்கும். படபடப்பு, தூக்கமின்மை, கை நடுக்கம். நான் அதைச் சிகரெட் ஏக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், கோப்பியைப் பாதியாக்கியதும் நான்கு நாளில் போனது. மலச்சிக்கல் வரும், அதையும் யாரும் சொல்லமாட்டார்கள். நான்கு கிலோ ஏறினேன், என் விஷயத்தில் அது லாபம்.

எப்போது நிறுத்துவது என்று மருந்தாளர் தேதி கேட்டார். தைப்பூசம் 2024இல் ஜனவரி 25. அப்பா வருடா வருடம் ஈப்போ குனோங் சீரோ கோயிலுக்குப் பால்குடம் எடுப்பார், 21 நாள் விரதம், ஒரு சிகரெட் தொடமாட்டார், ஒரு முணுமுணுப்பு இருக்காது. கோயில் படி இறங்கி, பால்குடத்தைக் கழுவி வைத்து, சோறு சாப்பிட்டு, காருக்குப் போகும் வழியில் பற்றவைப்பார். எங்கள் ஊரில் இப்படி எத்தனையோ பேர். 21 நாள் முடிந்த உடம்பில் நிக்கோடின் சுவடே இருக்காது. பிறகு எது இழுக்கிறது என்று அந்த வருடம்தான் யோசித்தேன். விரதத்தில் அவர் நிற்கும் இடம் வேறு, கூடப் பேசும் ஆள் வேறு, லோரிக்குள் மற்றவர்களும் விரதக்காரர் பக்கத்தில் பிடிக்கமாட்டார்கள். விரதம் முடிந்தால் பழைய இடம், பழைய ஆள். எனக்கு அது பால்கனி. ஆக ஜனவரி 26 என்று தேதி கொடுத்தேன், அப்பா திரும்ப ஆரம்பிக்கும் நாளுக்கு மறுநாள், அவர் சட்டை வாடையிலேயே. வாடகை வீட்டில் அறையை மாற்றிக்கொண்டேன், பால்கனி இல்லாத அறை, 40 வெள்ளி கூட. பேட்சைவிட அந்த 40 வெள்ளிக்குத்தான் பலன் அதிகம் என்று என் அபிப்பிராயம், மருந்தாளர் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு தடவை வழுக்கினேன், ஏப்ரலில் ஒன்று, ஜூனில் ஒரு கல்யாண வீட்டில் ஒன்று. அதற்குப் பிறகு இல்லை.

கல்லூரிக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். ஐந்து வாரம் போனதால் அறுவைப் பிரிவுப் போஸ்டிங்கைத் திரும்பச் செய்யவேண்டி வந்தது, கட்டணம் 6,500, ஆறு மாத வாடகை தனி, என் செட் ஆட்கள் பட்டம் வாங்கிய படத்தை நான் போனில் பார்த்தேன். நான்கு வருடத்தில் சிகரெட்டுக்கே, கடத்தல் சரக்கும் உதிரியுமாக மாதம் 150 என்று வைத்தாலும், ஏழாயிரம் வெள்ளி. பல்கலைக்கழகக் கடன் பணத்தில்.

இப்போது ஹவுஸ்மன், அதாவது பயிற்சி டாக்டர். நோயாளியிடம் புகைப் பழக்கம் கேட்கும் முன் "அம்மா, கொஞ்சம் வெளிய இருங்க" என்று சொந்தக்காரர்களை அனுப்பிவிடுகிறேன், எவ்வளவு கூட்டமாக இருந்தாலும். மாணவர்கள் வந்தால் அவர்களையும் அப்படியே கேட்கச் சொல்கிறேன், அவர்களில் யார் மேல் பாக்கு மிட்டாய் வாசம் அடிக்கிறது என்று கவனிக்கவும் செய்கிறேன், ஒன்றும் சொல்வதில்லை, கிளினிக் அறை எண்ணை மட்டும் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவைப்பேன். அப்பா இன்னும் பிடிக்கிறார், நாளைக்கு ஆறாகக் குறைந்திருக்கிறது என்கிறார், கோழிக்கூண்டுப் பக்கம் போய்ப் பிடிக்கிறார். நான் புத்தி சொல்வதை நிறுத்திவிட்டேன். அம்மாவுக்கு மாதம் 300 வெள்ளி திருப்பிக் கட்டுகிறேன். அவருடைய கூட்டு நோட்டில், கூட்டுக்காரர்கள் பெயரெல்லாம் முடிந்த பிறகு கடைசி வரியில் "பட்டாசு" என்று எழுதி, கீழே ஒவ்வொரு மாதமும் கழித்துக்கொண்டு வருகிறார். இன்னும் 3,400 பாக்கி.